பூர்த்தித் தாம்பூலம்

அக்கா,

உன் பட்டுப்புடவை ஒன்று நேற்று என் வீட்டுக்கு வந்தது. போனவளின் புடவைகளைக் கூடப்பிறந்தவளுக்கும் நாத்தனாருக்கும் பங்கு வைப்பது வழக்கமாச்சே, அதற்காக உன் மகன் ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூர் வரை தூக்கிக்கொண்டு வந்தான். பையைத் திறந்ததும் வெட்டிவேர் வாசனை. நீயே வந்து எதிரில் உட்கார்ந்தது போல இருந்தது. அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். புடவையை நான் கட்டப் போவதில்லை.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் ஞாபகம் கோணாது. அது உனக்கே தெரியும்.

உன் மாமனார் பெயரில் நீ நடத்திய தர்மத்தை ஊரே மெச்சியது. தொட்டியத்து வாழைத்தோப்பு வருமானத்தில், உறவில் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஆடிப்பெருக்கு அன்றைக்கு அம்மா மண்டபத்துப் படித்துறையில் தாம்பாளம் நீட்டுவாய். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே படிப்புச் செலவுக்கான கவர். படிப்பு முடிகிற வருஷம் மட்டும் புடவையும் மாலையும் சேரும். அதற்குப் பூர்த்தித் தாம்பூலம் என்று நீயே பெயர் வைத்தாய். அதை வாங்கியவள் அடுத்த ஆடிக்கு வந்து நிற்கக்கூடாது.

என் பேத்தி கீர்த்தனா அப்பன் இல்லாத பிள்ளை. அவள் நர்சிங் சேர்ந்தது உன் தாம்பாளத்தை நம்பித்தான். நடுவில் கொரோனா வந்தது. பாடமெல்லாம் போனில் நடந்தது. வார்டு டூட்டியைப் போனில் பார்க்க முடியுமா? ஆஸ்பத்திரிக்குள் மாணவிகளை விடவில்லை. விட்டுப்போன டூட்டியை முடித்தால்தான் கடைசிப் பரீட்சை என்று சொல்லி, நாலு வருஷத்தில் முடிய வேண்டிய படிப்பை இழுத்துவிட்டார்கள்.

அந்த ஆடிக்குக் காவிரியில் யாரையும் இறங்க விடவில்லை. உன் வீட்டுக் கூடத்திலேயே வைத்தாய். கீர்த்தனாவின் தட்டில் புடவையைப் பார்த்ததும் உன்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, அவளுக்கு இன்னும் முடியல. தள்ளிப்போயிருக்கு."

"நாலு வருஷப் படிப்புதானடி? ஆயிடுச்சுல்ல?"

"வார்டு டூட்டி பாக்கி இருக்காம். அதுக்கும் காலேஜுல கட்டணும்."

"துறையூர் சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. நம்ம வம்சத்துல முத நர்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பேசாம வா."

மாலையைப் போட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் உன் காலில் விழுந்து எழுந்தது.

காலேஜில் பணம் கேட்டபோது உன்னிடம்தான் வந்தோம். அரசாங்க உதவித்தொகையும் நாலு வருஷத்தோடு நின்றுபோயிருந்தது. படிப்பு மட்டும்தான் முடியவில்லை. நீ ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை.

"பூர்த்தி வாங்கினவளுக்கு மறுபடியும் குடுத்தா, முன்னாடி செஞ்சது பொய்யின்னு ஆயிடும்டி. வம்சத்துக்கு ஆகாது."

"பொய்தானே அக்கா அது."

"விளக்கேத்துற நேரத்துல வாயைப் பாரு" என்றாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கீர்த்தனா தில்லைநகரில் ஒரு மருந்துக்கடைக்குப் பில் போடப் போனாள். கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு காலேஜில் போய்க் கேட்டால், இடையில் விட்டதால் கடைசி வருஷத்தை முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். அதற்கு எங்கே போவது? மறுநாள் மருந்துக்கடைக்கே போனாள்.

போன தையில் நீ படுத்தாய். வேளாவேளைக்கு ஊசி போட ஆள் வேண்டியிருந்தது. "வெளி நர்சு எதுக்கு, நம்ம வீட்டு நர்சு இருக்காளே" என்று சொல்லியனுப்பினாய். போகாதே என்றேன். கேட்காமல் கிளம்பினாள், நானும் கூட வந்தேன். நீ ஊசி மருந்தை நீட்டினாய்.

"நான் போடக்கூடாது பெரிய பாட்டி. நான் நர்சு இல்ல."

"மாலை போட்டேனேடி."

"நீங்க போட்டீங்க. காலேஜுல போடலயே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் உனக்கு உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, தலைவாரிப் பின்னினாள். "இதுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க" என்றாள். நீ அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "நாலு வருஷம் குடுத்தேன்ல?" என்றாய். நான் அழுக்கு விரிப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். கொடுத்தாய். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒன்றுமே கொடுக்காத சொந்தக்காரர்கள் எத்தனை பேர், அவர்கள் முகமே எனக்கு மறந்துபோச்சு. பரிசலில் ஏற்றிக் கரை தெரிகிற மட்டும் கொண்டுவந்து, நடு ஆற்றில் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டவள் நீ. அதனால்தான் உன் முகம் மறக்க மாட்டேன் என்கிறது.

உன் காரியத்தன்றைக்கு அவள்தான் பந்தி பரிமாறினாள். வீட்டுக்கு வந்து, "போனவங்க மேல என்ன பாட்டி கோவம், விடு" என்கிறாள். அவள் விட்டுவிட்டாள் என்று நானும் நம்பியிருப்பேன், அவளோடு பஸ்ஸில் போகாமல் இருந்திருந்தால். பெரியாஸ்பத்திரி வாசலில் டூட்டி முடிந்த நர்சிங் பிள்ளைகள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடம் வந்ததும் கீர்த்தனா குனிந்து பையில் எதையோ தேட ஆரம்பிப்பாள். அந்த ஸ்டாப் தாண்டும் வரை அது அவளுக்குக் கிடைக்காது. அவள் நிமிரும் வரை அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது நான்தான், அக்கா.