மேலேயிருந்தா, விரலிலிருந்தா

அன்புள்ள வாலு,

ஏழு கடலையும் ஒரே மூச்சில் நீந்தக்கூடியவனும், நீ பிறந்த அன்று உன்னைவிடச் சத்தமாக அழுது ஆஸ்பத்திரியையே கிடுகிடுக்க வைத்தவனுமான உன் சித்தப்பா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். அடுத்த வரியில் உன் அப்பாவும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் பொறு, சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் ஹாலில் பேசினால் அவர் காதில் விழும், மாடிக்குப் போய்ப் பேசினால் நாலு ஜோக்கடித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதி, படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்புகிறேன்.

முதலில் உலகமே வாய்பிளக்கும் செய்தி. நான் சாக்ஸ் பின்னுகிறேன். சிரிக்காதே. அப்பாவுக்குச் சர்க்கரை கூடி வலது கால் வீங்கிவிட்டது, கடை சாக்ஸின் ரப்பர் காலைச் சுற்றிப் பள்ளம் போடுகிறது, வாய் தளர்ந்த கம்பளி சாக்ஸாகப் போடுங்கள் என்றார் டாக்டர். உடனே நான், இமயமலையையே பொட்டலம் கட்டி அனுப்பியவனுக்கு இது ஒரு வேலையா என்று மார்தட்டிவிட்டு, தெருமுனை நூல்கடைக்குப் போய் ஊசியும் சாம்பல் நிற நூலும் வாங்கிவந்தேன். பின்னுவதுகூடப் பரவாயில்லை வாலு, ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றுகிறோமே அதில்தான் இருக்கிறது சூட்சுமம். அது இறுகினால் சாக்ஸின் வாயே இறுகிப்போகும். என் கையோ பார்சல் ஆபீஸில் ஆயுள் முழுக்கச் சணலை இழுத்து முடிச்சுப் போட்ட கை. ஒரு கண்ணி ஏற்றினால் தன்னால் ஒரு இழு இழுத்துவிடும். நான் போட்ட விளிம்பில் கப்பலைக் கட்டிப்போடலாம், புயலடித்தாலும் அசையாது. உன் அப்பா அதை மாட்டிக்கொண்டு, சபாஷ்டா பொட்டலக்காரா, என் பஸ் டயருக்குக்கூட இந்தப் பிடிப்பு கிடையாதுடா என்று பாராட்டிவிட்டு, கழற்றவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தம்பி பின்னியது என்கிற பாசம் என்று நானும் பூரித்துப்போனேன்.

பாசமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. நேற்று முன்தினம் குளிக்கப் போகும்போது பிடிவாதமாக நான்தான் உருவினேன். கால் நடுவில் அரைஞாண் கட்டினதுபோல ஒரு பள்ளம், அது என் கைங்கரியம். ஆனால் சாக்ஸின் உள்ளே சுண்டுவிரலிலும் பக்கத்து விரலிலும் பிளாஸ்திரி சுற்றியிருந்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. வலிக்கவே இல்லைடா, அதான் சொல்லலை என்கிறார். வலிக்காததுதான் ஆபத்தே என்று டாக்டர் கத்தினார். வருகிற புதன்கிழமை அந்த இரண்டு விரலையும் எடுத்துவிடவேண்டும், விட்டால் மேலே ஏறும், அப்புறம் முழங்காலைப் பற்றிப் பேசவேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவா கேட்பார்? பத்து விரலோடு வந்தேன், பத்து விரலோடுதான் போவேன், பிரேக் மிதித்த காலைத் தொட்டால் பஸ்ஸை உங்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே விட்டுடுவேன் என்று டாக்டரிடமே வம்பு. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். புது வேலைக்குப் போயிருக்கிற பிள்ளை, போட்டது போட்டபடி ஓடிவந்துடுவா என்கிறார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

சாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. நூல்கடை அம்மாவிடம் என் கப்பல் கயிற்றைக் காட்டினேன், சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் திண்டாடினார். இரண்டு வழி சொன்னார். ஒன்று, மேலே வாயிலிருந்து ஆரம்பிப்பது. இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் கண்ணி ஏற்றி, பிறகு ஒரு ஊசியை உருவிவிட்டால் என் முரட்டுக் கைக்கும் தளர்வாக வருமாம். இன்னொன்று, விரல் நுனியிலிருந்து ஆரம்பித்து வாயைக் கடைசியில் முடிப்பது, வீக்கம் நாளுக்கு நாள் மாறுகிற காலுக்கு அதுதான் நல்லது, அன்றைய அளவுக்கு வாயை அகலமாக விட்டுக்கொள்ளலாம் என்றார். சரி, விரலிலிருந்தே என்று முடிவு பண்ணி, எத்தனை கண்ணி ஏற்றுவது என்று பார்க்க நேற்றுக் காலை டேப்பை எடுத்துக்கொண்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எத்தனை விரலுக்கு அளப்பது? டேப்பை விரித்தபடி முழித்துக்கொண்டிருந்தேன். அவரும் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கேலி இல்லை, ஒரு பொட்டலக்காரா இல்லை. டேப்பைச் சுருட்டி என் கையிலேயே வைத்துவிட்டு, மேலேயிருந்தே ஆரம்பிடா, விரலைக் கடைசியில பாத்துக்கலாம் என்றார்.

வாலு, சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் கதவு ஒரு விரல்கடை திறந்திருக்கிறது. நான் தள்ளினால் மறுபடி சாத்திக்கொள்வார், நான் வெறும் தம்பி. நீ தள்ளினால் திறக்கும். உடனே போன் பண்ணு. எடுத்த எடுப்பில் திட்டாதே, அழாதே, நீ அழுதால் அவர் உன்னைச் சமாதானம் பண்ணுவதில் இறங்கி விஷயத்தை விட்டுவிடுவார். எட்டு விரலோடு நடந்து வருகிற அப்பாதான் எனக்கு வேண்டும் என்று சொல்லு. சத்தியத்தை மீறிய பாவத்துக்கு அவர் என்னை உரிக்கட்டும், தோல் தடித்த ஜென்மம், தாங்குவேன். வரமுடிந்தால் வா, முடியாவிட்டால் மனசைக் குழப்பிக்கொள்ளாதே, ஆஸ்பத்திரியில் நான் அவரைவிட்டு அரை அடிகூட நகரமாட்டேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயவே கூடாது. வேளைக்குச் சாப்பிடு. மேலே தளர்வாகவே வந்திருக்கிறது, இழுக்க வந்த கையை நானே அடித்து அடக்கினேன். குதிகால் வளைவையும் பின்னித் திருப்பிவிட்டேன். இனி விரல்தான், சீக்கிரம் பேசு.

இப்படிக்கு,
கட்டவும் தளர்த்தவும் வல்ல உன் சித்தப்பா