கரி கலந்த மண்

உன் வீட்டுக் குளியலறை ஜன்னலில் இருந்த தொட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. காலையில் தண்ணீர் தெளித்தபோது அதிலிருந்து ஈரக் கரியின் வாசனை எழுந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரியம் முடிந்து படமாகிவிட்ட மனுஷன்மேல் இவ்வளவு கோபம் கூடாது என்கிறாள் என் மனைவி. கூடும்.

நாம் இருவரும் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். நீ ராயப்பேட்டையில் மெஸ் நடத்தினாய். சாப்பிட்டவன் இலையை மடித்த பிறகும் இன்னொரு கரண்டி சோறு வைக்கப் பார்க்கிற கை உன்னுடையது. நான் பஸ் பணிமனையில் தகரம் தட்டியவன். மண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நட்டதும் பட்டதும்தான் பாடம்.

ஏற்காட்டிலிருந்து நான் கொண்டுவந்த பிகோனியாவை நீ மறந்திருக்க மாட்டாய். இலையின் மேல்பக்கம் வெள்ளி, அடிப்பக்கம் ரத்தச் சிவப்பு. அடையாற்று வெயில் அதற்கு ஆகவில்லை. சாவதற்கு முன் அதன் இலைகளை நரம்போடு வெட்டி மணலில் பதித்தேன். அவை வேர்விட்டுத் துளிர்த்தபின் ஐஸ்கிரீம் கப்புகளில் நட்டுச் சின்ன அறையில் வைத்தேன். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு, மேலே ஒரு ட்யூப் லைட். அந்தக் கத்திரி வெயிலில் தாய்ச்செடி போய்விட்டது. அதன் உடம்பிலிருந்து மிச்சம் அந்தக் கன்றுகள் மட்டும்தான்.

அவற்றுக்கான மண்ணை நான் எப்படிச் செய்தேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நீ. தென்னை நார்த்தூளை அலசி அலசி உப்பை எடுத்தேன். எங்கள் போர் தண்ணீரே உப்பு என்பதால், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றேன். அதோடு ஆற்று மணல், பழைய இலை மக்கு, வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்து வாசனையே போய்விட்ட சாணத்தூள். கடைசியில் இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்துக் கலந்தேன். மூடிய அறையில் மண் புளிக்காமல் இருக்க அதுதான் வழி.

"இன்னா சகல, பச்சக் கொழந்தைங்கள பட்டினி போட்ற? இதுல சத்து எங்க கீது?" என்றாய்.

"இப்ப வேர்தான் ஓடணும். சத்து இருந்தா சோம்பேறியா உக்காந்துடும். பிள்ளை பெத்தவளுக்கு முதல் நாளே பிரியாணியா போடுவே?"

"எங்க மெஸ்ஸுக்கு வந்தா போடுவேன்" என்று சிரித்தாய்.

திருச்சியில் ஒரு கல்யாணம். தண்ணீர் தெளிக்க மட்டும் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ வாசலிலேயே நின்றிருந்தாய்.

"உன் புள்ளைங்களுக்கு விருந்து வச்சிருக்கேன். போய்ப் பாரு சகல."

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் பச்சைச் சாணமும் மெஸ் டீத்தூளும் கலந்த மண்ணில் மாற்றி நட்டிருந்தாய். டீத்தூளில் சர்க்கரை. அறை முழுக்க எறும்பு. கப்பைத் தொட்டால் மண் சுட்டது. தண்டுகள் கூழாகிச் சாய்ந்து கிடந்தன. நான் எல்லாவற்றையும் வாளியில் கொட்டினேன். நீ வாளியைப் பிடுங்கிக்கொண்டாய். "குடு, நானே கொட்டிட்டு வரேன்."

ஒரு மன்னிப்புக் கேட்டாயா? கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாணங்களில் மட்டும் பார்த்துக்கொண்டோம். அங்கே பந்திக்குப் பந்தி உன் கதை நடந்தது. "நம்ம சகல செடிக்குக் கரி போடுவாரு. ஒரு நாள் அது கூன்னு கூவிக்கினு எழும்பூருக்குப் போய்டும்." உறவு முழுக்க எனக்கு இன்ஜின் டிரைவர் என்று பேர் வந்தது. பேரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். என் மனைவியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கன்று செத்ததைக்கூட ஆற்றிக்கொண்டிருப்பேன். செய்தது சரி என்று தெரிந்தும் எச்சில் இலைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேனே, அதை எப்படி ஆற்றுவது?

நீ போன அன்றுதான் உன் வீட்டுக்கு வந்தேன். கால் கழுவப் போனேன். குளியலறை ஜன்னலில், வெயில் படாத வெளிச்சத்தில், வெள்ளி இலை. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு. மண்ணுக்குள் விரலை விட்டேன். மணல், அலசிய நார்த்தூள், இலை மக்கு. நகத்தில் கரி ஒட்டிக்கொண்டு வந்தது, பட்டாணி அளவில்.

உன் மனைவி மல்லிகா அழுதுகொண்டே பின்னால் வந்து நின்றாள். "அத யாரையும் தொட உடமாட்டாரு மாமா. அன்னிக்கு வாளியில அழுகாம ஒரே ஒரு எல இருந்துச்சாம், அத எடுத்துனு வந்து வச்சாரு. இஸ்திரிக்காரர் கிட்ட அவரே போய் கரி வாங்கினு வருவாரு. உங்க கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் பல் துலக்கும்போது நான் சொன்னது சரி என்று பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு வந்து பந்தியில் கூவென்று ரயில் விட்டிருக்கிறாய். "சகல, நீ சொன்னதுதான்டா சரி." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்கெல்லாம் கேட்காமலே அள்ளி வைத்த கை, எனக்கு மட்டும் அந்த ஒரு கவளத்தை மூடி வைத்துக்கொண்டது.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது தொட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தி நடுவில் போய் நின்றேன். மண்ணைக் கிளறிக் கரியைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரித்திருக்க வேண்டியவன் மாலைக்குள் இருந்தான்.

தொட்டி தன்னிடமே இருக்கட்டும், அவர் ஞாபகம் என்றாள் மல்லிகா. கொடுக்கவில்லை. அவளுக்காக ஒரு இலையை வெட்டிப் பதித்திருக்கிறேன். இப்போது துளிர் விட்டிருக்கிறது. கப்புக்கு மண் சலிக்கும்போதெல்லாம் காதுக்குப் பக்கத்தில் உன் குரல்: இன்னா சகல, பட்டினி போட்ற?

ஆமாம். பட்டினிதான் போடுகிறேன். வந்து கேள்.