அஞ்சலுக்கு நடுவில் ஒரு காவல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பக்கங்கள் வரவில்லை. மின்னஞ்சலைத் திறந்தால் ‘இருபத்துமூன்றில் ஒன்று இறங்குகிறது’ என்று காட்டுகிறது, பிறகு அசையாமல் நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, சர்வர் பதில் சொல்லவில்லை என்று ஒரு பெட்டி. மறுபடி அழுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து. இது பதிப்பகம் கொடுத்த முகவரி, இந்தக் கணினியில் மட்டும்தான் போட்டுத் தந்திருக்கிறார்கள். வேறு வழியும் இல்லை.

மாமியார் படுக்கையில் இருந்த ஒன்பது வருடமும் அச்சுக்கு முன் பிழை பார்க்கும் மெய்ப்பு வேலையை விட்டிருந்தேன். இப்போதுதான் திரும்ப ஒரு புத்தகம் கையில் கிடைத்திருக்கிறது. செவிலியர்களுக்கான மருந்தளவுக் கையேடு, பதினான்கு அத்தியாயம். “இந்த ஒண்ணப் பாருங்கக்கா. சரியா வந்துச்சுன்னா தொடர்ந்து உங்களுக்கே” என்றாள் பதிப்பாசிரியை. சரியாக வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. பதினான்காம் தேதி மாலை அச்சுக்குப் போகிறது.

மார்ச் 5, புதன்

அதே கதை. இருபத்தாறில் ஒன்று.

வீட்டுக்காரர் ஜனவரியில் ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வருடம் சரக்குக் கிடங்கில் காவல் மேற்பார்வை. இப்போது காக்க நானும் இந்த மூன்று அறைகளும்தான் மிச்சம். பால்காரர்கூட இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போகிறார். போன வாரம் கணினிக்கும் ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டு, உள்ளதிலேயே கடுமையான காவலை வைத்திருக்கிறார். தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை என்று என்னிடம் அறிக்கை வேறு. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். கெடுப்பானேன்?

மார்ச் 6, வியாழன்

பதிப்பாசிரியை கூப்பிட்டாள். ஐந்து அத்தியாயம் அனுப்பியாயிற்று, ஒன்றுகூடத் திரும்பவில்லையே என்றாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. அஞ்சல் வரவில்லை என்றேன். மற்ற எல்லோருக்கும் போகிறதே அக்கா என்றாள்.

நம்பவில்லை அவள். பழைய ஆள், கணினி தெரியாது, சாக்குச் சொல்கிறாள் — அப்படித்தான் நினைத்திருப்பாள். நானா சாக்குச் சொல்றவ? எனக்கு இது கைவிட்டுப் போயிடுமோ?

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

கணினி எனக்குத் தெரியாதுதான். ஆனால் மூலத்தை வைத்துக்கொண்டு பிரதியைச் சரிபார்க்கத் தெரியும். முகவரி போட்டுத் தந்தபோது பதிப்பகம் கொடுத்த சீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அஞ்சலின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சீட்டில் ஒரு விரல், திரையில் ஒரு விரல், எழுத்து எழுத்தாகப் போனேன். பெயர் சரி. முகவரி சரி. சர்வர் பெயர் — சரியில்லை. சீட்டில் பதிப்பகத்தின் பெயர். திரையில் நூற்று இருபத்தேழில் தொடங்கும் வெறும் எண்கள். யார் மாற்றியது?

தெருமுனைக் கணினிக் கடைக்காரருக்குப் போன் போட்டு எண்களைப் படித்தேன். “அது உங்க கம்ப்யூட்டரோட சொந்த முகவரிம்மா. ஆன்டிவைரஸ் நடுவுல உக்காந்துகிட்டு, ஒவ்வொரு மெயிலையும் முதல்ல தான் வாங்கிப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட தருது” என்றார். பக்கங்கள் கனமான கோப்புகள் அல்லவா, அது பார்த்து முடிப்பதற்குள் அஞ்சல் பொறுமை இழந்து விட்டுவிடுகிறதாம். அஞ்சல் சோதனையை மட்டும் அணைத்துவிட்டு, சர்வர் பெயரைத் திருத்தினால் போதும் என்றார். ஆபத்தில்லையா என்று கேட்டேன். அஞ்சலோடு வரும் கோப்பைத் திறக்கும்போது அது எப்படியும் ஒருமுறை பார்க்கத்தான் செய்யும், காவல் குறையாது என்றார்.

ஆக, ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னது முழுக்க உண்மை. என் ஐந்து அத்தியாயமும் வாசலில்தான் நின்றிருக்கின்றன.

மார்ச் 8, சனி

அவர் காலை நடைக்குப் போன நேரம் பார்த்து, காதும் காதும் வைத்தாற்போல் அணைத்தேன். பெயரைத் திருத்தினேன். முப்பத்தொரு அஞ்சலும் கடகடவென்று இறங்கின.

அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் முகம் தொங்கிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பது அத்தியாயம் முடித்து அனுப்பியாயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதுகு வலிக்கிறது. சுகமான வலி.

மார்ச் 14, வெள்ளி

கடைசி அத்தியாயம், குழந்தைகளுக்கான அளவுகள். காலையில் அனுப்பிவிட்டதாகவும் நான்கு மணிக்குள் வேண்டும் என்றும் பதிப்பாசிரியை சொன்னாள். திறந்தேன். ‘நான்கில் ஒன்று இறங்குகிறது.’ நின்றது.

அமைப்பைப் பார்த்தால் மறுபடி அதே எண்கள். ஹாலுக்குப் போய் அவரிடம் கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் திரையின் மூலையில் மஞ்சள் குறி வந்திருந்ததாம், பாதுகாப்பு குறைவு என்று. ஆன் பண்ணிவிட்டாராம். எவ்வளவு பெருமையாகச் சொன்னார்!

“என்னைக் கேக்காம ஏங்க தொட்டீங்க?” என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. “நீ ஏன் என்கிட்ட சொல்லாம அணைச்ச?” என்றார்.

அவர் மனம் நோகக்கூடாது என்று மறைத்தேன், மறைத்ததில்தான் நொந்துபோனார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன் — சீட்டு, எண்கள், கடைக்காரர் சொன்னது, இந்த வேலை போய்விட்டால் என்னால் தாங்க முடியாது என்பதையும். அழுதேன் போலிருக்கிறது.

எழுந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “கேட்லயே எல்லாப் பெட்டியையும் பிரிச்சா லாரியெல்லாம் ரோட்லயே நிக்கும்மா. நாங்க அப்படிச் செஞ்சதே இல்ல. உள்ள இறக்கும்போதுதான் பிரிப்போம்.” சொல்லிவிட்டு, தானே அஞ்சல் சோதனையை அணைத்தார். நான் சர்வர் பெயரைப் படிக்கப் படிக்க ஒற்றை விரலால் தட்டினார்.

அத்தியாயம் இறங்கும்போது மணி ஒன்றரை. தனியாகப் பார்த்தால் முடியாது. பதிப்பகம் முன்பே தந்திருந்த மூலப்பிரதியை அவர் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கிடங்கில் சரக்குப் பட்டியல் வாசித்த குரல், ஒரு எண்ணை விழுங்கவில்லை. இருநூற்று நாற்பதாவது பக்கத்தில் ‘பூஜ்யம் புள்ளி அஞ்சு மில்லி’ என்றார். என் பக்கத்தில் வெறும் ஐந்து. கைக்குழந்தைக்கான அளவு. அவசரத்தில் என் பேனா அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தது. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தார். பத்து மடங்கு மருந்து.

திருத்தினேன். மூன்று ஐம்பதுக்கு அனுப்பினேன்.

மார்ச் 15, சனி

பதினொரு மணி வரை தூங்கினேன். எழுப்பவில்லை அவர்.

மார்ச் 19, புதன்

பதிப்பாசிரியை கூப்பிட்டாள். அந்த இருநூற்று நாற்பதாவது பக்கத்தைப் பற்றியே இரண்டு முறை பேசினாள். அடுத்த புத்தகம் திங்கட்கிழமை வருகிறது. அந்தப் பிழையைப் பிடித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர் என்றேன். “அப்ப ரெண்டு பேரும் பாருங்கக்கா” என்றாள் சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. ஒன்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதை மறைக்கலாம், தப்பில்லை.

மே 20, செவ்வாய்

கையேடு அச்சாகி வந்துவிட்டது. இரண்டு பிரதி. உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றை அவர் மடியில் வைத்தேன். முதலில் இருநூற்று நாற்பதாவது பக்கத்தைத் திருப்பினார். சரியாக இருந்தது. பிறகு முன்பக்கம் வந்து, விவரம் போட்டிருக்கும் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார். மெய்ப்பு என்ற இடத்தில் என் பெயர். அதன் கீழ் வரியில் அவர் பெயர்.

உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். எதிர் வீடு வரைக்கும் போய்விட்டு இரண்டே நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆகிறது. புதிய புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் இறங்கி, மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அவர் வரட்டும், தொடங்கலாம்.