பிரேக் இல்லாத ஆறு

அப்பா,

கையில் எலுமிச்சை வாசனை இன்னும் போகவில்லை. தண்ணீர்ப் பூங்காவில், வாகனங்கள் நிறுத்துமிடத்தைப் பார்த்த மாதிரி ஒரு மர நிழலில் உட்கார்ந்து, கைப்பேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் பஸ் நிற்கும். உங்கள் மாப்பிள்ளையும் திவ்யாவும் சறுக்கு மேடைக்கு ஏறப் போயிருக்கிறார்கள். காரை ஓட்டி வந்தது உங்கள் பேத்தி திவ்யாதான். லைசென்ஸ் எடுத்துவிட்டாள், கண்ணாடியில் புது டிரைவர்களுக்கான ‘பி’ ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு. இன்று காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊர் சுங்கை லாலாங்கில், வீட்டை ஒட்டி நம் வேலிக்குள்ளேயே பஸ்ஸை நிறுத்தி வைப்பீர்கள். வேலை நாட்களில் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்குத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்துக் குடும்பங்களோடு இங்கே வரும். புறப்படுமுன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பீர்கள். எல்லா டிரைவர்களும் வைப்பதுதான். ஆனால் பழம் வெடிக்கும் சத்தத்தை யாராவது கேட்டே ஆகவேண்டும் என்பது உங்களுடைய சட்டம். எஞ்சின் இரைச்சலில் உங்களுக்குக் கேட்காது. படிக்கட்டில் நின்று காது கொடுப்பது என் வேலை.

“கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சுப்பா.”

அதற்குப் பிறகுதான் பஸ் கேட்டைத் தாண்டும். பின்னால் நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தாலும் நீங்கள் அசைய மாட்டீர்கள்.

இங்கே வந்ததும் எல்லோரும் உள்ளே ஓடுவோம். நீங்கள் மட்டும் பஸ்ஸிலேயே கடைசி சீட்டில் நீட்டி நிமிர்ந்துவிடுவீர்கள். ஈரத் தலையோடு ஓடிவந்து ஒருமுறை கேட்டேன், ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று. “நானும் தண்ணியில கெடந்தா, உங்களையெல்லாம் யாரு வீட்டுக்குக் கொண்டுபோறது?” என்றீர்கள். சரியான பதில்தான். ஆனால் எத்தனை வருஷம் வந்தும் நீங்கள் இந்தப் பூங்காவின் கேட்டைத் தாண்டியதே இல்லை என்பது எனக்குள் முள்ளாகவே இருந்தது. ஊரையே விளையாடக் கூட்டிப்போன மனுஷன் ஒருநாளாவது நனைய வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

நீங்கள் ஓய்வு பெறும் வருஷம் உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினேன். அந்த வருஷம்தான் பெருந்தொற்று வந்தது. பூங்காவை மூடினார்கள், நடமாட்டக் கட்டுப்பாடு போட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை ஜொகூரில் வேலையிடத்திலேயே மாட்டிக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தரட்டுமா, தேதியை மாற்றித் தரட்டுமா என்று பூங்காக்காரர்கள் கேட்டார்கள்.

“தேதியவே மாத்துலா,” என்றீர்கள். “டுயிட்ட வாங்குனா மீன் வாங்கித் தின்னுருவோம்.”

மாற்றிய தேதி வந்தது. அப்போதும் திறக்கவில்லை. திவ்யா மிதவை வளையத்தை ஊதி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் உம்மென்று அலைந்தாள். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினமும் போல அன்று காலையிலும் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தீர்கள். ஆனால் அணைக்காமல் உள்ளே வந்து, “எல்லாரும் கெளம்புங்க” என்றீர்கள்.

“எங்க கெளம்புறது? கேட்டத் தாண்டுனா போலீஸ்காரன் புடிச்சிருவான்,” என்றார் அம்மா.

“கேட்ட யாரு தாண்டப் போறா?”

எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். அம்மா நாசி லெமாக் சோற்றை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு ஏறினார். திவ்யா வளையத்தோடு முன் சீட்டில். நான் பழையபடி படிக்கட்டில். பஸ் நகர்ந்தது, பழம் வெடித்தது, வழக்கம்போல நீங்கள் கேட்க, “கேட்டுச்சுப்பா” என்றேன். வேலிக்குள்ளேயே இருந்த ரம்புத்தான் மரத்தடியில் பஸ் நின்றுவிட்டது. “வந்துட்டோம். பொட்டலத்தப் பிரிங்க” என்றீர்கள். சாப்பிட்டு முடித்து, அதே தூரத்தை ரிவர்ஸில் வந்தோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், “எங்கண்ணே போய்ட்டு வர்றீங்க?”

“தீம் பார்க்கு. இன்னிக்குக் கூட்டம் கொஞ்சம் கம்மிதான்லா.”

அந்த வருஷம் முழுக்க நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னும் சில முறை தேதி மாறி, ஒருவழியாகப் பூங்கா திறந்தது. அன்று காரை ஓட்டியவர் உங்கள் மாப்பிள்ளை. நீங்கள் உள்ளே வந்து, வீட்டுக் கிணற்றடியில் நிற்பது போல கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனீர்கள். அங்கே நின்ற மலாய்க்காரப் பெண், “பாக்சிக், கைன் தாக் போலே” என்று தடுத்துவிட்டாள். கைலிக்கு அனுமதி இல்லையாம். மாப்பிள்ளையின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு வந்தீர்களே, அம்மா சிரித்த சிரிப்பில் அருகில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். உங்களை அரைக்கால் சட்டையில் நானே அன்றுதான் பார்த்தேன்.

சுற்றிச் சுற்றி மெதுவாக ஓடும் அந்தச் செயற்கை ஆற்றில் உங்களை வளையத்தில் உட்கார வைத்தோம். முதல் சுற்றில் வளையத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் ஸ்டேரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் திருப்பப் பார்த்தீர்கள். அது தன் இஷ்டத்துக்குப் போனது. அடுத்த சுற்றில் கை தளர்ந்தது. அதற்கடுத்த சுற்றில் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

“ஏறி வாங்கப்பா, சாப்பிடலாம்” என்றேன்.

“இதுல பிரேக்கும் இல்ல, ஸ்டேரிங்கும் இல்லம்மா. யாரோ என்னைய ஏத்திட்டுப் போறாங்க. இரு, இன்னொரு ரவுண்டு போய்ட்டு வரேன்.”

அந்தச் சுற்றில் தூங்கிவிட்டீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. உங்களைத் தாண்டிப் போனவர்களும் மெதுவாக விலகிப் போனார்கள். மறுவருஷம் ஒரு மதியம், வீட்டு நாற்காலியில், அதே மாதிரிதான் தூங்கிப் போனீர்கள், எழுந்திருக்கவே இல்லை. அழுதேன். ஆனால் உங்களை நினைத்தால் எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வருவதில்லை, வளையம்தான் வருகிறது. அதனால் குறை ஒன்றுமில்லை அப்பா.

இப்போது காலைக் கதை. எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு இடது பக்க சீட்டில் ஏறினேன். பெல்ட்டை இறுக்கி, வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன், அங்கே பிரேக் இருப்பது போல. திவ்யா காரை மெல்ல நகர்த்தினாள். கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“கேட்டுச்சாம்மா?”

நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. வேலிக்குள் ஓடிய அந்த பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்து அதைக் காதில் வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது.

“கேட்டுச்சு” என்றேன். ஊன்றியிருந்த காலை எடுத்து மடக்கிக்கொண்டேன். வழியில் பினாங்குப் பாலத்துக்குச் சாலை பிரியும் இடம் எப்போது வந்து போனதென்று தெரியாது. தூங்கிவிட்டேன் அப்பா.