காலியாகத் தொங்கும் கம்பி

மார்ச் 4
மின்சந்தையைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகச் சுவரில் 'போட்டியே மக்களின் பாதுகாப்பு' என்று பெரிய பலகை. மலைக்கு அந்தப் பக்கம் ஐந்து மின்நிலையங்கள். எங்கள் பக்கம் ஒன்றே ஒன்று. அங்கிருந்து மின்சாரம் கொண்டுவர நடுவே ஒல்லியான ஒரே ஒரு மின்தடம். மதியத்துக்குள் அது நிரம்பிவிடும். அதன்பின் எங்கள் பக்கத்து நிலையம் வைத்ததுதான் விலை. போட்டி நடக்கிறது — காலையில் மட்டும்.

அப்பாவின் லேத் பட்டறை சூடுபிடிப்பதே மதியம்தான். "பில்லு இப்படியே வந்தா பட்டறையை மூடிட்டு உன் ஆபீஸ்க்கே வாட்ச்மேனா வந்துடறேன்" என்கிறார்.

ஜூன் 18
இரண்டாவது தடம் திறப்பு. எங்கள் அலுவலக இயக்குநர் ரிப்பன் வெட்டினார். இனி பில் இறங்கும் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏன் இந்த வேலை?

செப்டம்பர் 9
இறங்கிவிட்டது.

செப்டம்பர் 22
புதுத் தடத்தில் மின்சாரமே வருவதில்லையாம். "தெண்டத்துக்குத் தொங்குது. கழட்டி வித்துடலாம்" என்கிறார் இயக்குநர்.

விலை இறங்கியதே அந்தக் கம்பி அங்கே தொங்குவதால்தானே. எங்கள் பக்கத்து நிலையம் விலையை ஏற்றினால், அடுத்த நிமிடம் அந்தப் பக்கத்து மின்சாரம் வந்து நிற்கும். அந்தப் பயத்தில் ஏற்றவில்லை. ஏற்றாததால் யாரும் அங்கிருந்து வாங்கவில்லை. கம்பி காலி.

அப்பா கதையும் இதுதான். எதிரே புதிதாகப் பட்டறை போட்டவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் வந்த நாளிலிருந்து அப்பா வருகிறவர்களை "வாங்க சார், உக்காருங்க" என்கிறார். "எனக்கே கிடைக்காத மரியாதை" என்கிறாள் அம்மா.

செப்டம்பர் 29
நாளை கம்பியைப் பற்றிக் கூட்டம். தெரிந்தால் மட்டும் போதுமா, சொல்ல வேண்டாமா? கல்லூரியில் 'உள்ளேன்' சொல்லவே குரல் எழும்பாதவள் நான். வீட்டில் முதல் பட்டதாரி வேறு.

செப்டம்பர் 30
கம்பியைக் கழற்றச் சொல்லி எல்லோரையும்விட அழுத்தமாகப் பேசியவர் எங்கள் பக்கத்து மின்நிலையத்தின் ஆள். மக்கள் வரிப்பணம் என்றபோது குரல் தழுதழுத்தது.

எழுந்தேன். "யாருக்கும் பயன்படாத கம்பின்னா, அது போகணும்னு சார் ஏன் இவ்வளவு கவலைப்படறார்?"

உட்காரும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். யாரும் டம்ளரைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14
கம்பி அப்படியே இருக்கும் என்று முடிவாகிவிட்டது. ஆண்டறிக்கையில் அதற்கு நேரே 'பயன்பாடு: மிகக் குறைவு' என்று போட்டிருக்கிறார்கள். "இனி எல்லா மீட்டிங்குக்கும் வாம்மா. பேசணும்னு இல்ல, சும்மா உக்காந்தா போதும்" என்றார் இயக்குநர்.

பிப்ரவரி 11
கோடையில் விலையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தார் மின்நிலையத்துக்காரர். பாதியில் என் பக்கம் திரும்பினார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்ல, இந்த வருஷம் சமாளிச்சுக்கறோம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

இன்றும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.