ஒரே பிள்ளை

மார்ச் 4

என் வாயாடி நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். பயப்படாதே, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். போனில் பேசினால் பாதி அழுகை, மீதி சண்டை என்று போய்விடும். என் அஞ்சாம் வகுப்புக்கு இந்த எழுத்தே அதிகம், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்.

சின்னவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி, கடலை அளவு. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் சாதுவாம். பிள்ளைகளுக்கு வந்தால் நாலில் ஒன்று புற்றுநோயாக இருக்குமாம். அளவை வைத்துச் சொல்ல முடியாது; ஸ்கேனிலும் தெளிவாக இல்லை. "சொந்தத்துல யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருக்கா? இருந்தா இப்பவே கட்டியில ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துடலாம். இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

உன் அண்ணன் சொல்கிறார்: "எனக்குத் தெரிஞ்சு இல்லை. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளைங்க."

நீ விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து ஊரெல்லாம் அப்படியே சொல்லிச் சொல்லி, மனுஷனுக்கு வாயோடு ஒட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நானே பேசவில்லை என்றால் எவ்வளவு களைத்திருப்பேன், பார்த்துக்கொள்.

போன வருடம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினாயே, அப்போது உன் கழுத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது என்னடி?

அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் திரும்பிக்கொண்டேன்.

அதேதான் அண்ணி. சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். காலையில் ஒரு மாத்திரை, மற்றபடி நன்றாக இருக்கிறேன். ஆறு மாதமெல்லாம் வேண்டாம், ஊசி போடச் சொல்லுங்கள். என் பேச்சை எடுத்தால் அண்ணன் கத்துவார் என்றால், யாரோ தூரத்து உறவு என்று சொல்லிவிடுங்கள்.

நாத்தனார்

மார்ச் 29

வாயாடிக்கு,

தூரத்து உறவாம்! நேரில் வா, தலையில் குட்டுகிறேன்.

உன் கடிதத்தை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார். சாப்பிடாமலே கை கழுவினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

ஊசி போட்டுப் பார்த்தார்கள். கெட்டதுதான். கழுத்தைத் தாண்டவில்லை, எடுத்துவிடலாம் என்கிறார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிற இரும்பு நாற்காலி என் முதுகுக்கு ஏற்றபடி வளைந்துவிட்டது; அழக்கூடத் தெம்பில்லை. சின்னவள் மட்டும், "அத்தைக்கு எவ்வளவு நீளக் கோடு?" என்று நச்சரிக்கிறாள்.

உன் அண்ணன் டாக்டரம்மாவிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன், டாக்டர். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா."

வியாழக்கிழமை வந்துவிடு. கழுத்தை மூடாமல் வா.

அண்ணி