மாம்பழத்துக்கு இஸ்திரி

மார்ச் 3, செவ்வாய்

இன்று வீட்டுக்கு ஒரு மிஷின் வந்தது. உறைய வைத்த பழத்தை மேலே குழாயில் போட்டு, கட்டையால் அழுத்தினால் கீழே ஐஸ்கிரீம் மாதிரி இழைந்து வருமாம். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், பழம் மட்டும் போதும் என்று மருமகள் சொன்னாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் பிரித்தாள்.

என் மனைவிக்காகத்தான் வாங்கினாள். தொண்டையில் வந்த கட்டிக்குக் கதிர் சிகிச்சை முடிந்துவிட்டது. கட்டி போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் வாய்க்குள் எல்லாம் வெந்து போய்க் கிடக்கிறது. கஞ்சி எரிகிறது. தண்ணீர்கூடக் குத்துகிறது. சாப்பாடு இல்லாமல் இளைத்துக்கொண்டே போகிறாள். இருபத்தேழாம் தேதி மறுபடி எடை பார்ப்பார்கள். அதற்குள் இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்கிற அம்மா சொன்னார்.

“குழாயெல்லாம் போட்டா நான் வீட்டுக்கே வரமாட்டேன்” என்றாள் இவள். பேச்சு விளையாட்டு இல்லை. இவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

போன வாரம் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, “இதுதாங்க எரியல” என்றாள். மருமகள் அதைக் கேட்டுக்கொண்டே போனாள். இன்று மிஷின் வந்துவிட்டது. இவளுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் கடை ஐஸ்கிரீம் ஆகாது.

எனக்கு எழுதத் தெரிந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. நூலகத்தில் மாலை வகுப்பு டீச்சர், “வீட்ல நடக்கறத எழுதுங்க ஐயா, தப்பு வந்தா வரட்டும்” என்றார். வாழைப்பழம் என்று எழுத இரண்டு ழ போட வேண்டும். இரண்டு வால். அந்த வாலைச் சுழித்து முடிக்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள் – யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? இதை நான்தானே படிக்கப் போகிறேன்.

மார்ச் 4, புதன்

வாழைப்பழத்தைத் தோலோடு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். காலையில் எடுத்தால் கட்டை. தோல் உரிய மாட்டேன் என்கிறது. கத்தியால் சீவினேன். மருமகள் பார்த்துவிட்டு, “மாமா, அது என்ன செருப்புத் தோலா, இப்படிச் சீவறதுக்கு?” என்றாள்.

“நீ உரிச்சு வைக்கச் சொல்லலையேம்மா.”

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் மாமா.”

“எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வாய் வலிக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோளை மட்டும் குலுக்கிச் சிரித்தாள். பழம் வீணானாலும் பரவாயில்லை.

மார்ச் 6, வெள்ளி

வந்துவிட்டது!

கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து வாங்கினேன். பழக்கடைக்காரர், “நாளைக்குத் தூக்கிப் போடற பழத்தப் பொறுக்கி எடுக்கறீங்களே” என்றார். அதுதான் இனிப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. உரித்து, வில்லை வில்லையாக நறுக்கி, தட்டில் பரப்பி உறைய வைத்தேன். மிஷினில் போட்டு அழுத்தினேன். முதலில் உதிரி உதிரியாக வந்தது. அப்புறம் வழவழவென்று சுருண்டு கிண்ணத்தில் விழுந்தது. அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் மருமகள் குளியலறையிலிருந்து, “என்னாச்சு மாமா, கைய வெட்டிக்கிட்டீங்களா?” என்று கத்தினாள்.

இவள் ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயை மறுபடி திறந்தாள். அவ்வளவுதான்.

கிண்ணம் காலி.

மார்ச் 7, சனி

காலையிலும் சாப்பிட்டாள். மாலையிலும் சாப்பிட்டாள். வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

என் புத்தியை என்ன சொல்ல. நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. தினமும் வாழைப்பழமா, பாவம் சலிச்சுப் போயிருக்குமேன்னு அன்னாசி வாங்கிட்டு வந்தேன். மிஷின்ல அழகா மஞ்சளா வந்துச்சு. ஒரு வாய்தான் வச்சா. அப்படியே துப்பிட்டு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. கண்ணுல தண்ணி. திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா தேவலை.

மருமகள் ஆஸ்பத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். புளிப்புப் பழம் எதுவும் புண்ணுக்கு ஆகாதாம். அன்னாசி, ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் கூடாது. நன்றாகப் பழுத்த மாம்பழம், பப்பாளி, சப்போட்டா கொடுக்கலாம். இன்னொன்றும் சொன்னார். வெறும் பழம் மட்டும் கொடுத்தால் எடை நிற்காது. கெட்டித் தயிரோ, பால் பவுடரோ, அரைத்த நிலக்கடலையோ கலந்து கொடுங்கள் என்றார். சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டுமாம்.

இரவு இவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு நாள் வாயைத் திறக்க மறுத்தவள் இன்று திறந்தாள். மாம்பழமும் தயிரும். முதலில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“இதுல என்ன இருக்கு?”

“மாம்பழம், தயிர், கொஞ்சம் கடலை. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல.”

“நீங்க முதல்ல சாப்பிடுங்க.”

சாப்பிட்டுக் காட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவள் சமைத்ததை நான் ஒரு நாளும் இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை. நான் சமைத்தது என்றதும் ராஜா வீட்டுச் சாப்பாட்டுக்குப் போடுகிற மாதிரி காவல் போட்டுவிட்டாள். ஆனால் சாப்பிட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மாமரம் எங்கே இருந்தாலும் அது நன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

மிஷினை எரித்துவிட்டேன்.

வாழ்நாள் முழுக்க ஹோட்டல் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவன் நான். விருந்தாளி சட்டை, மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு. அங்கே துணி சுருங்கியிருந்தால் ஒரே வழிதான். தோளிலிருந்து பாரத்தை இறக்கி அழுத்து. இன்னும் மடிப்பு போகவில்லையா, இன்னும் அழுத்து. அந்தக் கை அப்படியே இருக்கிறது. இன்று பழம் ரொம்ப உறைந்து போய் மிஷினுக்குள் இறங்க மறுத்தது. நான் என்ன செய்தேன்? நாற்காலி போட்டு ஏறி நின்று, கட்டையின் மேல் உடம்பைச் சாய்த்து அழுத்தினேன். மிஷின் முனகியது. நான் விடவில்லை. அப்புறம் ரப்பர் கருகுகிற வாசனை. அப்புறம் புகை.

“என்னங்க அது வாசன?” என்று இவள் கட்டிலிலிருந்தே கேட்டாள். வந்து பார்த்தாள். நாற்காலிமேல் கட்டையோடு நிற்கிற என்னைப் பார்த்து, “சட்டைன்னு நெனச்சுட்டீங்களா?” என்றாள்.

சிரிப்பதா அழுவதா. எடை பார்க்க இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. இப்பப் போயி – நான் எதுக்குத்தான் லாயக்கு?

மருமகள் வந்ததும் சொன்னேன். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விட்டாள். “நாற்காலியிலேருந்து விழாம இருந்தீங்களே மாமா, அதுவே போதும்” என்றாள். பெற்ற மகள் இருந்தால்கூட இப்படிச் சொல்லியிருப்பாளோ என்னவோ.

மார்ச் 17, செவ்வாய்

மிக்சி ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனேன். கடை என்றால் கடை இல்லை, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. மிஷினைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“பெரியவரே, இதுல என்ன போட்டீங்க? செங்கல்லா?”

“மாம்பழம்.”

“மாம்பழத்த இவ்வளவு கோபமா யாராவது சாப்பிடுவாங்களா? மோட்டார் காயில் கருகிப் போச்சு. புதுசு வரவழைக்கணும். வர்றதுக்கு மாசக் கடைசி ஆயிடும்.”

மாசக் கடைசி. அதற்குள் எடை பார்த்து முடிந்துவிடும். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“வீட்ல மிக்சி இருக்கா? அத வச்சே பண்ணலாம். ஆனா ஒண்ணு. இதயும் அழுத்தாதீங்க. பழம் கல்லு மாதிரி இருந்தா கொஞ்ச நேரம் வெளியில வச்சுக் காத்துக்கிட்டு இருங்க. ஒரு சுத்து விட்டு நிறுத்துங்க. தள்ளி விடுங்க. மறுபடி ஒரு சுத்து. அது தானா இளகும்.”

அழுத்தாமல் ஒரு வேலை நடக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் மனுஷன் வேலையை விட்டுவிட்டுச் சொன்னார். நல்லா இருக்கட்டும்.

மார்ச் 18, புதன்

மிக்சியில் போட்டேன். பிளேடு ஒரு துண்டில் மாட்டிக்கொண்டு அலறியது. எடுத்துப் பார்த்தால் பாதி கூழ், பாதி கூழாங்கல். கரண்டியால் கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டுக் கொடுத்தேன். ஒன்று தப்பி உள்ளே போய்விட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். போதும் என்று கை காட்டினாள்.

மார்ச் 20, வெள்ளி

நேற்று முழுக்க யோசித்தேன். துண்டு கனமாக இருப்பதால்தான் பிளேடு சிக்குகிறது. சரி, கனமே இல்லாமல் உறைய வைத்தால்?

மாம்பழத்தையும் தயிரையும் கடலையையும் உறைய வைக்கும் முன்னாலேயே அரைத்தேன். மருமகள் காய்கறி போட்டு வைக்கிற ஜிப் கவரில் ஊற்றி, காற்றை வெளியே தள்ளி, தட்டில் படுக்க வைத்து உள்ளங்கையால் நீவினேன். காலர் நீவுகிற மாதிரி – பாரம் இல்லாமல், ஓரம் வரைக்கும். மெல்லிசாக ஆனது. அதை உறைய வைத்தேன். மதியம் எடுத்தால் கண்ணாடித் தகடு மாதிரி வந்தது. மேடையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பதுதான் கஷ்டம், கை துறுதுறுவென்று இருந்தது. அப்புறம் அப்பளம் மாதிரி உடைத்து மிக்சியில் போட்டேன். ஒரு சுற்று. நிறுத்து. தள்ளி விடு. மறுபடி ஒரு சுற்று.

மிஷினில் வந்ததைவிட வழவழப்பு! சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே மருமகளிடம், “உங்க மாமா மாம்பழத்துக்கு இஸ்திரி போட ஆரம்பிச்சுட்டாரு, பாத்தியா” என்றாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சொன்னாள்.

மார்ச் 24, செவ்வாய்

காலை வாழைப்பழம், மதியம் மாம்பழம், மாலை சப்போட்டா. ஃப்ரீசரில் கவர் கவராக அடுக்கி வைத்திருக்கிறேன். திறந்து பார்த்துவிட்டு மூடினேன். எதற்குத் திறந்தேன்? சும்மாதான்.

மார்ச் 27, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருமகள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள்.

எடை மிஷின் பக்கத்தில் போனதும் நர்ஸ், “அம்மா, மேல போட்டிருக்கற கம்பளியக் கழட்டிடுங்க” என்றார். இவள் நகரவில்லை. நர்ஸே கழற்றினார். உள்ளே இன்னொரு கம்பளி. அதையும் கழற்றினால் என்னுடைய பழைய கோட்டு! பொத்தான் எல்லாம் போட்டு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறாள். கோட்டுப் பையில் வீட்டுப் பூட்டு. மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் பூட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“குழாய் வேண்டாம்மா” என்று இவள் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

எல்லாம் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். நான் பார்க்கவில்லை. எண் படிக்கத் தெரிந்தும் பார்க்கவில்லை.

சாப்பாட்டு யோசனை சொல்கிற அம்மா எட்டிப் பார்த்தார். போன தடவை எழுதியதைப் பார்த்தார். மறுபடி மிஷினைப் பார்த்தார். “குறையலையே. கொஞ்சம் கூடித்தான் இருக்கு” என்றார். “குழாய் வேண்டாம். இதையே விடாம குடுங்க. என்ன குடுக்கறீங்க?”

இவள் எனக்கு முன்னால் பதில் சொன்னாள். “இவரு குடுக்கறாரு. என்னவோ குடுக்கறாரு.”

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். தலை என் தோளில். இரண்டு கம்பளியும் கோட்டும் பூட்டும் என் மடியில். இறங்க வேண்டிய இடத்தில் எழுப்ப மனசு வரவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம்.

ஏப்ரல் 2, வியாழன்

மிஷின் சரியாகி வந்தது. ரிப்பேர்க்காரர், “அம்மா எப்படி இருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டில் பெரிய சண்டை. காலையில் இவள் தானாகவே மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். திரும்பும்போது பை நிறைய மீன். அதிலும் மீன்காரரோடு பேரம் பேசி அரைக் கிலோ கூட வாங்கி வந்திருக்கிறாள். ஃப்ரீசரைத் திறந்தால் இடமே இல்லை.

“என்ன இது, வீடா, ஐஸ் கம்பெனியா? என் மீன எங்க வைக்கறது?”

“அதெல்லாம் உனக்காகத்தான் வச்சிருக்கேன்.”

“எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்களே தின்னுங்க.”

தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம். என் மாம்பழம், சப்போட்டா, பப்பாளி எல்லாவற்றையும் எடுத்து மேடையில் போட்டுவிட்டு மீனை வைத்தாள். நானும் மருமகளும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கரைவதற்குள் தின்ன ஆரம்பித்தோம். பல் கூசுகிறது. இன்னும் இரண்டு கவர் மிச்சம் இருக்கிறது.

அடுப்பில் மீன் வேகிறது. சாப்பிட வரச் சொல்லிக் கத்துகிறாள். போகிறேன்.